கியூ பிட் (பிரிட்ஜ்)

கியூ பிட் அல்லது குறிப்புக் கேட்பு என்பது கான்ட்ராக்ட் பிரிட்ஜ் என்னும் சீட்டாட்டத்தின் ஏலத்தின்போது, ஒரு சீட்டு வகையில் தமக்குக் கட்டுப்பாடு உள்ளது என்பதைக் கூட்டாளிக்குத் தெரிவிக்க ஓர் ஆட்டக்காரர் பயன்படுத்தும் செயற்கையான கேட்பு ஆகும். துருப்பு எது என்பது இரு கூட்டாளிகளுக்கிடையே முடிவான பின்னரே இது கேட்கப்படுகிறது. எனவே கேட்கப்படும் வகையைத் துருப்பாக்கி ஆடும் எண்ணம் இதில் இல்லை. மொத்தமுள்ள 13 பிடிகளில் 12 அல்லது 13 பிடிகளை எடுக்க வேண்டிய ஸ்லாம் ஒப்பந்தத்துக்குச் செல்லலாமா என்பதை முடிவு செய்வதே இதன் நோக்கம் ஆகும். எதிரணியினர் கேட்ட வகையைத் தாமும் கேட்பதும் கியூ பிட் என்றே அழைக்கப்படுவதுண்டு; அது வேறு பொருள் கொண்டது. குழப்பத்தைத் தவிர்க்க, இக்கட்டுரையில் விளக்கப்படும் கேட்பைச் சிலர் கட்டுப்பாட்டுக் கேட்பு என்றும் அழைக்கின்றனர்.

ஆட்டத்தின் அடிப்படை

பிரிட்ஜ் ஆட்டத்தை நால்வர், எதிரெதிரே அமரும் இருவர் ஓர் அணியாக, 52 சீட்டுகளைக் கொண்டு ஆடுவர். அவர்கள் அமரும் இடங்கள் வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு எனக் குறிக்கப்படுகின்றன. ஒவ்வொருவருக்கும் 13 சீட்டுகள் கிடைக்கும். நால்வரும் ஒவ்வொரு சீட்டை இறக்கி முடிக்கும் ஒரு சுற்று ஒரு பிடி எனப்படும்.

ஆட்டத்துக்கு முன் ஏலம் நடைபெறும். கேட்கப்படும் எண்ணுடன் 6-ஐக் கூட்டினால் எடுக்க வேண்டிய பிடிகளின் எண்ணிக்கை கிடைக்கும். 4 ஸ்பேடு என்பது ஸ்பேடு துருப்பாக 10 பிடிகளை எடுக்கும் பொறுப்பு ஆகும். வகைகளின் ஏறு வரிசை கிளாவர், டைமண்ட், ஹார்ட், ஸ்பேடு, நோ டிரம்ப் என்பதாகும். 1 கிளாவர் முதல் 7 நோ டிரம்ப் வரை மொத்தம் 35 கேட்புகளே உள்ளன. ஒருமுறை கடந்து சென்ற கேட்புக்கு மீண்டும் திரும்ப இயலாது. கூட்டாளியின் கையைக் காண இயலாத நிலையில், இந்த 35 கேட்புகளைக் கொண்டே 26 சீட்டுகளைப் பற்றிய செய்தியைப் பரிமாறிக்கொள்ள வேண்டும். ஆகவே ஒவ்வொரு கேட்பும் சிக்கனமாகப் பயன்படுத்தப்பட வேண்டியதாகிறது.

கையின் வலிமையை அளவிட ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்கிக்கு 1 என்று புள்ளிகள் கொள்ளப்படுகின்றன. சீட்டுக் கட்டில் மொத்தம் 40 புள்ளிகள் உள்ளன.

ஸ்லாமின் மதிப்பும் ஆபத்தும்

6 நிலையில் கேட்கப்படும் ஒப்பந்தம் சிறு ஸ்லாம் என்றும், 7 நிலையில் கேட்கப்படுவது பெரு ஸ்லாம் என்றும் அழைக்கப்படும். சிறு ஸ்லாமுக்கு 500 புள்ளிகளும் பெரு ஸ்லாமுக்கு 1000 புள்ளிகளும் வெகுமதியாக வழங்கப்படுகின்றன. வெகுமதியும் தண்டமும் கூடுதலாகக் கணக்கிடப்படும் வல்னரபிள் நிலையில் இவை முறையே 750, 1500 ஆகும். இவ்வெகுமதி, ஏலத்தில் கேட்டு வென்றவர்க்கே உரியது. 4 ஸ்பேடு கேட்டு 12 பிடிகளை எடுத்தவர்க்கு அது கிடையாது.

வல்னரபிள் அல்லாத நிலையில் 4 ஸ்பேடு கேட்டு 12 பிடிகளை எடுத்தால் 480 புள்ளிகள் கிடைக்கும். 6 ஸ்பேடு கேட்டு அதே 12 பிடிகளை எடுத்தால் 980 புள்ளிகள் கிடைக்கும். ஆதாயம் 500. மாறாக 11 பிடிகளே கிடைத்தால், 4 ஸ்பேடு கேட்டவர் 450 புள்ளிகள் பெறுவார்; 6 ஸ்பேடு கேட்டவர் 50 புள்ளிகள் இழப்பார். இழப்பும் 500 ஆகிறது. எனவே வெற்றி வாய்ப்பு பாதிக்கு மேல் இருந்தால் சிறு ஸ்லாம் கேட்பது இலாபகரமானது.

பெரு ஸ்லாமின் கணக்கு வேறு. 7 ஸ்பேடு வென்றால் 1510 புள்ளிகள். 6 ஸ்பேடில் நின்று 13 பிடிகளை எடுத்திருந்தால் 1010 புள்ளிகள். ஆதாயம் 500 மட்டுமே. ஆனால் ஒரு பிடி குறைந்தால், கையில் இருந்த 980 புள்ளிகளை விட்டு 50 புள்ளிகள் தண்டமும் கட்ட நேரிடும். இழப்பு 1030 ஆகும். ஆகவே மொத்தப் புள்ளிகளின் அடிப்படையில், மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வாய்ப்பு இருந்தால் மட்டுமே பெரு ஸ்லாம் தகுந்தது.

கட்டுப்பாடு என்பதன் பொருள்

சிறு ஸ்லாமில் ஒரு பிடியை மட்டுமே இழக்கலாம். தேவையான 12 பிடிகளும் கையில் இருந்தாலும், அவற்றை எடுக்கத் தொடங்கும் முன்னரே எதிரணியினர் இரண்டு பிடிகளை எடுத்துக்கொண்டால் ஒப்பந்தம் தோற்றுவிடும். முதல் சீட்டை இறக்கும் உரிமை எதிரணிக்கே உள்ளது. எனவே எதிரணியினர் ஒரே வகையில் ஏஸையும் ராஜாவையும் தொடர்ந்து ஆடிப் பிடிக்க இயலாதவாறு தடுக்கும் ஆற்றல் தேவைப்படுகிறது. இதுவே கட்டுப்பாடு எனப்படுகிறது. துருப்புள்ள ஒப்பந்தத்தில் இது இருவகைப்படும்.

- முதல் சுற்றுக் கட்டுப்பாடு: ஒரு வகையின் ஏஸ் இருத்தல், அல்லது அவ்வகையில் சீட்டே இல்லாமை. சீட்டு இல்லையெனில் முதல் சுற்றிலேயே துருப்பினால் வெட்டலாம்.
- இரண்டாம் சுற்றுக் கட்டுப்பாடு: ஒரு வகையின் ராஜா இருத்தல், அல்லது அவ்வகையில் ஒரே ஒரு சீட்டு இருத்தல். ஒற்றைச் சீட்டு முதல் சுற்றில் போய்விடும். இரண்டாம் சுற்றில் வெட்டலாம்.

இரு கூட்டாளிகளிடமும் சேர்த்து ஒரு வகையில் முதல் அல்லது இரண்டாம் சுற்றுக் கட்டுப்பாடு இல்லையெனில் அவ்வகை திறந்து கிடப்பதாகக் கொள்ளலாம். ராணியும் ஜாக்கியும் கட்டுப்பாடு ஆகா.

பிளாக்வுட் முறையும் அதன் எல்லையும்

ஸ்லாம் ஏலத்தில் மிகப் பரவலாக அறியப்பட்டது பிளாக்வுட் முறை ஆகும். அமெரிக்கரான ஈஸ்லி பிளாக்வுட் இதனை 1933-இல் உருவாக்கினார். துருப்பு முடிவான பின் ஒருவர் 4 நோ டிரம்ப் கேட்டால், கூட்டாளி தம்மிடமுள்ள ஏஸ்களின் எண்ணிக்கையைக் கூற வேண்டும். பழைய முறைப்படி 5 கிளாவர் என்றால் ஏஸ் இல்லை அல்லது நான்கும் உண்டு. 5 டைமண்ட் என்றால் ஒன்று. 5 ஹார்ட் என்றால் இரண்டு. 5 ஸ்பேடு என்றால் மூன்று.

இம்முறை எத்தனை ஏஸ்கள் என்ற வினாவுக்கு விடை தருகிறது. எந்த ஏஸ் என்ற வினாவுக்கு விடை தருவதில்லை. இரண்டு ஏஸ்கள் இல்லாத நிலையில் ஸ்லாம் கேட்பதைத் தடுக்க இது போதுமானது. ஒரே வகையின் ஏஸும் ராஜாவும் எதிரணியிடம் இருப்பதை இதனால் கண்டறிய இயலாது. அந்த இடத்தில்தான் கியூ பிட் தேவைப்படுகிறது.

எடுத்துக்காட்டு: ஒரே எண்ணிக்கை, வேறு முடிவு

தெற்கின் கை பின்வருமாறு உள்ளது எனக் கொள்வோம்.

தெற்கு
- ஸ்பேடு: ஏஸ், ராஜா, ஜாக்கி, 8, 5
- ஹார்ட்: ஏஸ், 6
- டைமண்ட்: 7, 4
- கிளாவர்: ராஜா, ராணி, ஜாக்கி, 3

இது 18 புள்ளிகள் கொண்ட கை. தெற்கு 1 ஸ்பேடு கேட்டு ஏலத்தைத் தொடங்குகிறார். வடக்கு 2 நோ டிரம்ப் கேட்கிறார். ஜேக்கபி முறையில் ஆடுவோரிடையே இது செயற்கையான கேட்பு ஆகும். ஸ்பேடில் நான்கு சீட்டுகளேனும் உள்ளன, கேம் நிலை வரை செல்லும் வலிமையும் உண்டு என்பது இதன் பொருள். வடக்கின் கை கீழுள்ள இரண்டில் ஒன்றாக இருக்கலாம்.

வடக்கு, முதல் கை
- ஸ்பேடு: ராணி, 10, 7, 2
- ஹார்ட்: ராஜா, ராணி, 5
- டைமண்ட்: ராணி, ஜாக்கி, 3
- கிளாவர்: ஏஸ், 10, 6

வடக்கு, இரண்டாம் கை
- ஸ்பேடு: ராணி, 10, 7, 2
- ஹார்ட்: ராஜா, 8, 3
- டைமண்ட்: ராஜா, ராணி, 5
- கிளாவர்: ஏஸ், 10, 6

இரு கைகளிலும் 14 புள்ளிகள் உள்ளன. இரண்டிலும் ஓர் ஏஸ் உள்ளது. அதுவும் கிளாவர் ஏஸே. சீட்டுகளின் பங்கீடும் 4, 3, 3, 3 என ஒன்றாகவே உள்ளது. தெற்கு 4 நோ டிரம்ப் கேட்டால் இரு கைகளும் 5 டைமண்ட் என்ற ஒரே விடையைத் தரும். அணியிடம் இல்லாதது ஓர் ஏஸ் மட்டுமே என அறிந்து தெற்கு 6 ஸ்பேடு கேட்பார்.

இரண்டாம் கையுடன் ஆடும்போது ஸ்பேடில் 5, ஹார்ட்டில் 2, டைமண்டில் 1, கிளாவரில் 4 என 12 பிடிகள் உள்ளன. டைமண்ட் ஏஸ் மட்டுமே இழப்பாகும். முதல் கையுடன் ஆடும்போதும் ஸ்பேடில் 5, ஹார்ட்டில் 3, கிளாவரில் 4 என 12 பிடிகள் உள்ளன. ஆனால் எதிரணியினர் தொடக்கத்திலேயே டைமண்ட் ஏஸையும் ராஜாவையும் ஆடினால் அந்த 12 பிடிகளையும் எடுக்க வாய்ப்பே கிடைப்பதில்லை. 450 புள்ளிகளுக்குரிய இடத்தில் 50 புள்ளிகள் தண்டம் கட்ட நேரிடும்.

கியூ பிட் முறையில் ஏலம் பின்வருமாறு அமையும். 2 நோ டிரம்புக்குப் பின் தெற்கு 3 ஸ்பேடு கேட்கிறார். ஒற்றைச் சீட்டு வகை எதுவும் இல்லை, கூடுதல் வலிமை உண்டு என்பது இதன் பொருள். வடக்கு 4 கிளாவர் கேட்டு, கிளாவரில் கட்டுப்பாடு உள்ளதைத் தெரிவிக்கிறார். அடுத்து மலிவான கேட்பு 4 டைமண்ட் ஆகும். தெற்கு அதனைத் தாண்டி 4 ஹார்ட் கேட்கிறார். ஹார்ட்டில் கட்டுப்பாடு உண்டு, டைமண்டில் இல்லை என்னும் இரு செய்திகளும் இந்த ஒரே கேட்பில் அடங்குகின்றன.

இப்போது வடக்கின் பணி எளிதாகிறது. முதல் கையை வைத்திருந்தால், டைமண்டில் இருவரிடமும் கட்டுப்பாடு இல்லை என்பதை அறிந்து 4 ஸ்பேடு கேட்டு ஏலத்தை நிறுத்துவார். இரண்டாம் கையை வைத்திருந்தால், டைமண்ட் ராஜாவும் ராணியும் தம்மிடம் இருப்பதால் 4 நோ டிரம்ப் கேட்பார். தெற்கு 5 ஹார்ட் என விடையளித்து இரண்டு ஏஸ்களைத் தெரிவிப்பார். இல்லாதது ஓர் ஏஸே என அறிந்து வடக்கு 6 ஸ்பேடு கேட்பார். கியூ பிட் எங்கே என்பதையும் பிளாக்வுட் எத்தனை என்பதையும் கூற, இரண்டும் சேர்ந்தே சரியான முடிவைத் தருகின்றன.

பொது விதிகள்

ஒரு கேட்பைக் கியூ பிட் எனக் கொள்வதற்குரிய நிபந்தனைகளும், அதனைக் கையாளும் முறையும் பெரும்பாலான இணைகளிடையே பின்வருமாறு உள்ளன.

1. துருப்பு முடிவாகியிருக்க வேண்டும். துருப்பு முடிவாகாத நிலையில் புதிய வகையைக் கேட்பது, அவ்வகையில் சீட்டுகள் மிகுந்துள்ளன என்றே பொருள்படும்.
2. ஏலம் கேம் நிலைக்குக் குறையாமல் செல்லும் என்பது உறுதியாகியிருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, 1 ஸ்பேடுக்கு விடையாக 2 ஸ்பேடு கேட்கப்பட்ட பின் வரும் 3 டைமண்ட், கேம் கேட்கலாமா என வினவும் கேட்பு ஆகும். அதே ஆட்டக்காரர் பின்னர் கேம் நிலையையும் தாண்டிச் சென்றால், முன்னர் கேட்ட 3 டைமண்ட் ஸ்லாமை நோக்கியதே என்பது அப்போது தெளிவாகும்.
3. உள்ள கட்டுப்பாடுகளுள் மிக மலிவாகக் கேட்கத்தக்கதையே முதலில் கேட்க வேண்டும்.
4. ஒரு வகையைத் தாண்டிச் செல்வது, அவ்வகையில் கட்டுப்பாடு இல்லை என மறுப்பதாகும்.
5. கூட்டாளி ஒரு வகையில் கட்டுப்பாட்டை மறுத்துள்ள நிலையில், அவ்வகையில் தமக்கும் கட்டுப்பாடு இல்லையெனில் துருப்பு வகைக்குத் திரும்பி ஏலத்தை நிறுத்த வேண்டும். நிறுத்தாமல் மேலே செல்பவர், அவ்வகையில் தமக்குக் கட்டுப்பாடு உள்ளதை உணர்த்துகிறார்.
6. கேம் நிலைக்குக் கீழே கியூ பிட் கேட்பது கூட்டாளியுடன் ஒத்துழைப்பது மட்டுமே. அதற்கு மிகுந்த வலிமை தேவையில்லை. கேம் நிலையைத் தாண்டிக் கேட்பதற்குக் கூடுதல் வலிமை வேண்டும்.
7. முன்னர் ஒரு வகையில் முதல் சுற்றுக் கட்டுப்பாட்டைக் காட்டியவர் அதே வகையை மீண்டும் கேட்டால், இரண்டாம் சுற்றுக் கட்டுப்பாடும் உண்டு என்பது பொருள். ஒருவர் காட்டிய வகையைக் கூட்டாளி கேட்பதற்கும் இவ்விதி பொருந்தும்.

ஆறாம் விதி புதிய ஆட்டக்காரர்களால் அடிக்கடி மறக்கப்படுகிறது. தம் கை வலிமை குறைந்தது என்பதை முன்னரே தெரிவித்துவிட்ட ஒருவர், கூட்டாளியின் கியூ பிட்டுக்கு மறுமொழியாகத் தம்மிடமுள்ள ஏஸைக் காட்டாமல் துருப்புக்குத் திரும்பினால், அந்த ஏஸ் இல்லையென்றே கூட்டாளி கருதுவார். நல்ல ஸ்லாம்கள் பல இவ்வாறு தவறிப்போகின்றன.

பயன்படுத்தத் தகுந்த சூழல்கள்

ஏதேனும் ஒரு வகையில் ஏஸோ ராஜாவோ இன்றி இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட சிறு சீட்டுகளை வைத்திருப்பவர், பிளாக்வுட் கேட்பதற்கு முன் கியூ பிட் வழியாக அவ்வகை காக்கப்பட்டுள்ளதா என அறிந்துகொள்வது நல்லது. மேற்கண்ட எடுத்துக்காட்டில் தெற்கின் டைமண்ட் 7, 4 இத்தகையது.

ஏதேனும் ஒரு வகையில் சீட்டே இல்லாதவருக்கும் ஏஸ்களின் எண்ணிக்கை பயன் தருவதில்லை. பின்வரும் கையில் இது விளங்கும்.

தெற்கு
- ஸ்பேடு: ஏஸ், ராஜா, ராணி, 7, 6, 2
- ஹார்ட்: இல்லை
- டைமண்ட்: ராஜா, ராணி, ஜாக்கி, 5
- கிளாவர்: ஏஸ், 8, 4

தெற்கின் 1 ஸ்பேடுக்கு வடக்கு 3 ஸ்பேடு என விடையளிக்கிறார். ஒற்றைச் சீட்டோ வெறுமையோ இல்லாத, ஏறத்தாழ 11 புள்ளிகள் கொண்ட கை என்பது இதன் பொருள் எனக் கொள்வோம். வடக்கின் கை கீழுள்ள இரண்டில் ஒன்று.

வடக்கு, முதல் கை
- ஸ்பேடு: ஜாக்கி, 9, 5, 3
- ஹார்ட்: ஏஸ், ராஜா, 7, 2
- டைமண்ட்: 8, 6, 3
- கிளாவர்: ராஜா, 6

வடக்கு, இரண்டாம் கை
- ஸ்பேடு: ஜாக்கி, 9, 5, 3
- ஹார்ட்: ராஜா, 8, 7, 2
- டைமண்ட்: ஏஸ், 6, 3
- கிளாவர்: ராஜா, 6

மீண்டும் புள்ளிகள் 11, ஏஸ் ஒன்று, பங்கீடும் ஒன்றே. இரண்டாம் கையுடன் 13 பிடிகள் உள்ளன. ஸ்பேடில் 6, டைமண்டில் 4, கிளாவரில் ஏஸும் ராஜாவும், மூன்றாம் கிளாவரை வடக்கின் துருப்பால் வெட்டுவதால் கிடைக்கும் ஒன்று. முதல் கையுடன் டைமண்ட் ஏஸ் எதிரணியிடம் உள்ளது. 12 பிடிகளே கிடைக்கும். ஹார்ட் ஏஸ் சில சீட்டுகளைக் கழிக்க உதவினாலும், எப்படியும் வெட்டப்படக்கூடிய வகையில் அமைந்துவிட்டதால் டைமண்ட் ஏஸுக்கு ஈடாகாது. பிளாக்வுட் கேட்கும் தெற்குக்கு ஓர் ஏஸ் என்ற விடையே கிடைக்கும். அது எந்த ஏஸ் எனத் தெரியாது.

கியூ பிட் முறையில் தெற்கு 4 கிளாவர் கேட்கிறார். வடக்கு இரண்டாம் கையுடன் 4 டைமண்ட் கேட்பார். டைமண்ட் ராஜா தெற்கிடமே இருப்பதாலும், வடக்கின் கையில் குறுகிய வகை இல்லை என்பது முன்னரே தெரிந்திருப்பதாலும், இது ஏஸையே குறிக்க இயலும். தெற்கு 4 ஹார்ட் கேட்டு அங்குள்ள கட்டுப்பாட்டைக் காட்டுகிறார். வடக்கு 5 கிளாவர் கேட்கிறார். தெற்கு முன்னரே கிளாவர் ஏஸைக் காட்டிவிட்டதால் இது ராஜாவைக் குறிக்கும். தேவையான அனைத்தும் தெரிந்துவிட்டதால் தெற்கு 7 ஸ்பேடு கேட்கலாம். வடக்கிடம் முதல் கை இருந்தால், அவர் 4 டைமண்டைத் தாண்டி 4 ஹார்ட் கேட்பார். டைமண்ட் ஏஸ் எதிரணியிடம் உள்ளது என்பது உறுதியாகிறது. தெற்கு பெரு ஸ்லாம் எண்ணத்தைக் கைவிட்டு, சிறு ஸ்லாமைப் பற்றி மட்டுமே எண்ணுவார்.

மூன்றாவது சூழல், இருவரில் எவருக்கும் முடிவெடுக்கும் அளவுக்குச் செய்தி இல்லாத நிலை ஆகும். பிளாக்வுட் கேட்பவர் வினவுகிறார், மற்றவர் விடை மட்டும் அளிக்கிறார். கியூ பிட்டில் இருவரும் மாறி மாறித் தம் கைகளை விவரிக்கின்றனர். ஸ்லாம் கிடைக்கலாம் எனத் தோன்றினாலும் உறுதியில்லாதபோது, 4 நிலையைத் தாண்டாமலேயே கூட்டாளியின் கருத்தை அறிய இது உதவுகிறது.

தவிர்க்க வேண்டிய சூழல்கள்

- எல்லா வகைகளிலும் கட்டுப்பாடு உள்ளது எனத் தெரிந்து, ஏஸ்களின் எண்ணிக்கை மட்டுமே தேவைப்படும்போது நேரடியாகப் பிளாக்வுட் கேட்பதே போதுமானது.
- துருப்பு வகையின் தரத்தைப் பற்றிய ஐயத்தைக் கியூ பிட் தீர்ப்பதில்லை. பக்க வகைகள் அனைத்திலும் கட்டுப்பாடு இருந்தும், துருப்பில் ஏஸும் ராஜாவும் எதிரணியிடம் இருக்கக்கூடும். துருப்பு ராஜாவையும் ஐந்தாவது ஏஸாகக் கணக்கிடும் ரோமன் கீ கார்டு பிளாக்வுட் இதற்கு ஏற்றது.
- கூட்டாளி நீண்ட வகையாகக் கேட்ட வகையில் தமக்கு ஒற்றைச் சீட்டோ வெறுமையோ இருப்பதைக் கட்டுப்பாடாகக் காட்டுதல் தகாது. அங்கே கூட்டாளி எதிர்பார்ப்பது ஏஸ், ராஜா போன்ற உயர் சீட்டுகளையே ஆகும். அவை தம்மிடம் இருப்பதாக நம்பி, அவ்வகையில் தொடர்ந்து பிடிகள் கிடைக்கும் எனக் கூட்டாளி கணக்கிட்டுவிடுவார்.
- கிளாவர் அல்லது டைமண்ட் துருப்பாக இசைந்துள்ளபோது 3 நிலையில் கேட்கப்படும் பிற வகை, 3 நோ டிரம்ப் ஆடுவதற்கு அவ்வகையில் தடுப்பு உண்டு எனக் காட்டுவதாகவே பெரும்பாலும் கொள்ளப்படும். இதனைக் கியூ பிட்டாகக் கருதும் முன் உடன்பாடு இருத்தல் வேண்டும்.

ராஜாவினால் மட்டும் அமைந்த கட்டுப்பாட்டில் ஒரு கூடுதல் எச்சரிக்கை தேவை. ராஜாவை வைத்திருப்பவரே ஒப்பந்தத்தை ஆடுபவராக இருந்தால், முதல் இறக்கம் அவரை நோக்கியே வருவதால் ராஜா காக்கப்படும். ராஜா மேசையில் விரிக்கப்படும் கையில் இருந்தால், அதற்குப் பின் ஆடும் எதிராளியிடம் ஏஸ் இருக்கும் நிலையில் இரண்டு பிடிகளும் பறிபோகலாம். முதல் எடுத்துக்காட்டின் இரண்டாம் கையில் ராஜாவுடன் ராணியும் இருந்ததால் இவ்வாபத்து எழவில்லை.

இருவகை நடைமுறைகள்

பழைய பிரித்தானிய நடைமுறையில் முதல் சுற்றுக் கட்டுப்பாடுகள் அனைத்தையும் காட்டிய பின்னரே இரண்டாம் சுற்றுக் கட்டுப்பாடுகள் காட்டப்படும். இதில் ஒவ்வொரு கேட்பின் பொருளும் துல்லியமானது. எனினும் ராஜாக்களைக் காட்டும் முன் ஏலம் 5 நிலையை எட்டிவிடுகிறது.

இத்தாலிய நடைமுறையில் ஏஸ், ராஜா, ஒற்றைச் சீட்டு, வெறுமை ஆகிய அனைத்தும் வேறுபாடின்றி மலிவான வரிசையில் காட்டப்படும். திறந்து கிடக்கும் வகையை 4 நிலைக்குள்ளேயே கண்டறியலாம் என்பது இதன் சிறப்பு. காட்டப்பட்டது ஏஸா ராஜாவா என்பது தெரியாது என்பது குறை. அக்குறையைப் பின்னர் வரும் பிளாக்வுட் நிறைவு செய்கிறது. இக்காரணத்தால் இத்தாலிய நடைமுறை பெரும் செல்வாக்குப் பெற்றது. எதனைப் பின்பற்றினாலும் இரு கூட்டாளிகளும் ஒன்றையே பின்பற்றுவது இன்றியமையாதது.

தொடர்புடைய உடன்பாடுகள்

அமெரிக்க ஆட்டக்காரர் எரிக் ராட்வெல் பெயருடன் தொடர்புபடுத்தப்படும் சீரியஸ் 3 நோ டிரம்ப் உடன்பாட்டில், ஸ்பேடு அல்லது ஹார்ட் 3 நிலையில் துருப்பாக இசைந்த பின் கேட்கப்படும் 3 நோ டிரம்ப், ஸ்லாமில் உண்மையான ஆர்வத்தைத் தெரிவிக்கும். அதனைத் தவிர்த்து நேராகக் கியூ பிட் கேட்பவர் ஒத்துழைப்பை மட்டுமே தெரிவிக்கிறார். இரண்டின் பொருளையும் இடம் மாற்றி ஆடுவோரும் உண்டு.

லாஸ்ட் டிரெயின் என்னும் உடன்பாடு ராட்வெல்லின் கூட்டாளி ஜெஃப் மெக்ஸ்ட்ராத் பெயருடன் தொடர்புடையது. கேம் நிலைக்குச் சற்றுக் கீழே ஒரே ஒரு கேட்பு எஞ்சியிருக்கும்போது, அது அவ்வகையின் கட்டுப்பாட்டைக் குறிக்காமல், ஸ்லாமில் இன்னும் ஆர்வம் உண்டு என்பதை மட்டும் தெரிவிக்கும்.

எதிரணியும் கியூ பிட்டும்

கூட்டாளிக்குக் கூறப்படும் செய்தி எதிரணியின் செவிகளிலும் விழுகிறது. எந்த வகையில் கட்டுப்பாடு மறுக்கப்பட்டதோ அதுவே எதிரணியின் முதல் இறக்கத்துக்கு வழிகாட்டும். மேலும், செயற்கையாகக் கேட்கப்பட்ட வகையில் நல்ல சீட்டுகள் உள்ள எதிராளி டபுள் கூறி, அவ்வகையை இறக்குமாறு தம் கூட்டாளிக்குத் தெரிவிக்கலாம். இவ்வாறு டபுள் கூறப்பட்டபோது ரீடபுள் கூறுவது, அவ்வகையில் முதல் சுற்றுக் கட்டுப்பாடு உண்டு எனக் காட்டுவதாகப் பல இணைகள் கொள்கின்றன. செய்தி தேவைப்படாத நிலையில் கியூ பிட்டுகளை அடுக்காமல் நேராக ஸ்லாமைக் கேட்பது சிறந்தது என்பது இதனாலேயே ஆகும்.

இணைகளின் உடன்பாடுகள் எதிரணியினருக்கும் வெளிப்படையாக இருக்க வேண்டும் என்பது ஆட்ட விதி. மறைவான குறிகள் அனுமதிக்கப்படுவதில்லை. நெடுநேரம் தயங்கிவிட்டு 4 ஸ்பேடு கேட்டால், அத்தயக்கத்தைச் செய்தியாகக் கொண்டு கூட்டாளி ஏலத்தைத் தொடர்வதும் விதிக்குப் புறம்பானது. சொல்ல வேண்டியதைக் கேட்புகளால் மட்டுமே சொல்ல வேண்டும்.

வரலாறு

கான்ட்ராக்ட் பிரிட்ஜுக்கு முன்னர் ஆடப்பட்ட ஆக்‌ஷன் பிரிட்ஜில், ஏலத்தில் கேட்டிருந்தாலும் கேட்காவிட்டாலும் 12 அல்லது 13 பிடிகளை எடுத்தவருக்கு ஸ்லாம் வெகுமதி வழங்கப்பட்டது. எனவே ஸ்லாமைக் கேட்பதற்கென நுட்பமான ஏல முறைகள் தேவைப்படவில்லை. 1925-இல் அமெரிக்கரான ஹரோல்டு வாண்டர்பில்ட், பனாமா கால்வாய் வழியாகச் சென்ற ஒரு கப்பல் பயணத்தின்போது, புதிய புள்ளி முறையை அறிமுகப்படுத்தினார். கேட்டவருக்கே கேம், ஸ்லாம் வெகுமதிகள் என்னும் விதி இதன் மையமாக அமைந்தது. ஆட்டத்துக்கு முன்பே ஸ்லாமைக் கண்டறிய வேண்டிய தேவை இதனால் எழுந்தது. பிளாக்வுட், கியூ பிட் ஆகிய முறைகள் இத்தேவையின் விளைவுகளே.

1957 முதல் 1969 வரை நடைபெற்ற பெர்முடா கிண்ண உலகப் போட்டிகளில் இத்தாலியின் நீல அணி தொடர்ந்து 10 முறை வெற்றி பெற்றது. அவ்வணியினர் முதல், இரண்டாம் சுற்றுக் கட்டுப்பாடுகளை வேறுபாடின்றிக் காட்டி ஸ்லாம்களை அணுகிய விதம் பிற நாட்டினரின் கவனத்தை ஈர்த்தது. இத்தாலிய நடைமுறை என்னும் பெயர் இதன் வழியே நிலைபெற்றது.